‘சிடிஐ போச்சுண்ணே’ என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்: 11,400 ரூபாய் போனது

படகு மோட்டாரில் 450 ரூபாய் ஸ்டாப் சுவிட்ச் (மோட்டாரை நிறுத்தும் பட்டன்) கெட்டதற்கு 11,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அதோடு நன்றாக இருந்த ஒரிஜினல் சிடிஐயையும் (ப்ளக்கில் பொறி அடிக்கவைக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) எடுத்துக்கொண்டார்கள். நேற்று சாயங்காலம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. கடை பெயரைப் போடவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) சர்வீஸும் ஸ்பேரும் சேர்த்து நடத்துகிற கடை, அவ்வளவுதான் சொல்வேன். ஃபைபர் போட் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். ப்ளக்குக்குக் கரண்ட் வராத மோட்டாரை எந்த வரிசையில் பார்ப்பது என்று கடைசியில் எழுதுகிறேன்.

மோட்டார் 9.9 எச்பி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கயிறு இழுத்தால் கம்ப்ரஷன் கைக்குத் தெரிகிறது. ப்ளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து வருகிறது. ஆனால் இரண்டு ப்ளக்கிலும் கரண்ட் இல்லை. இங்கேயே பாதி விடை இருக்கிறது. ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்து ப்ளக், கேப், ஒயர் என்று தேடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான்: ஸ்டாப் சுவிட்ச், எர்த் (மோட்டார் உடம்போடு சேரும் இணைப்பு), ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் சார்ஜ் காயில் (சிடிஐக்குக் கரண்ட் தருவது), பல்சர் காயில் (எப்போது அடிக்க வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்வது), சிடிஐ. இரண்டு ப்ளக்குக்கும் ஒரே இக்னிஷன் காயில் (சிடிஐயிலிருந்து வருவதை ஏற்றி ப்ளக்குக்கு அனுப்புவது) என்றால் அதுவும். இதில் மலிவானதும் உப்புத்தண்ணீர் நேராகப் படுவதும் ஸ்டாப் சுவிட்ச். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த மெக்கானிக் என்ன செய்தார்? ஒரு ப்ளக்கைக் கழற்றி பிளாக்கில் சாய்த்து வைத்தார். இரண்டு முறை கயிறு இழுத்தார். “சிடிஐ போச்சுண்ணே, காயிலும் வீக்” என்றார். மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. நம்பியதற்குக் காரணம் அவர் கை. கவரைத் திறந்த வேகமும், ப்ளக்கை இழுத்த லாவகமும் பல வருஷம் இதே வேலை பார்த்தவர் கை என்று காட்டின. “ஒரிஜினல் பீஸ்தான்ணே, ஒரு வருஷம் கேரண்டி. பில்லு போட்டா ஜிஎஸ்டி ஏறும், நமக்குள்ள எதுக்கு” என்றார். தலையாட்டியாயிற்று. சிடிஐ 8,200, காயில் 2,000, கூலி 1,200. மொத்தம் 11,400. பழைய சிடிஐயைக் கேட்டதற்கு “அது டெட்டுண்ணே, இங்கயே கெடக்கட்டும்” என்றார்.

மோட்டார் ஓடியது. நாலே நாள். ஐந்தாம் நாள் அலை கொஞ்சம் அடித்து மோட்டார் நனைந்ததும் மறுபடி இரண்டு ப்ளக்கிலும் கரண்ட் இல்லை. இன்னொரு போட் கட்டி இழுத்து வந்தது. கரையில் தெரிந்த பையன் ஒருவன் செய்தது ஒன்றுதான்: சிடிஐக்குப் போகும் ஸ்டாப் ஒயரை சாக்கெட்டில் கழற்றிவிட்டு இழுத்தான். நீல நிறத்தில் கரண்ட் அடித்தது. சுவிட்சைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்து ஈரம்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மோட்டார்களில் ஸ்டாப் சுவிட்ச் கரண்டைத் துண்டிப்பதில்லை, எர்த்துக்குத் தள்ளிவிடுகிறது. ஓட்டுகிறவர் உடம்போடு கட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிற்றின் கிளிப் சுவிட்சில் மாட்டியிருக்கும்போது சுவிட்ச் திறந்தே இருக்க வேண்டும். பட்டனை அழுத்தினாலோ கிளிப்பை உருவினாலோ மட்டும் எர்த்தோடு சேர வேண்டும். உள்ளே உப்பு ஈரம் இறங்கினால் கிளிப் மாட்டியிருந்தும் எர்த்துக்குக் கசியும். சிடிஐக்குள் கெப்பாசிட்டர் நிறையாது, ப்ளக் அடிக்காது. முதலில் கடையில் இரண்டு நாள் வெயிலில் கிடந்ததில் அந்த ஈரம் காய்ந்துவிட்டது. புது சிடிஐ போட்டதால் ஓடவில்லை, காய்ந்ததால் ஓடியது. பழைய சிடிஐ கெடவே இல்லை! இப்போது மாட்டியிருப்பதில் பார்ட் நம்பரே கிடையாது, அடியில் ஊற்றிய பிசினும் ஒழுங்கில்லை, த்ராட்டிலை முழுசாகக் கொடுத்தால் விட்டு விட்டு அடிக்கிறது.

திரும்பப் போனால் முதல் நாள் “உப்புத்தண்ணி பட்டுச்சுல்ல, அதுக்கு நாங்க என்ன பண்றது” என்றார். கடலில் ஓடுகிற மோட்டாரில் உப்புத்தண்ணீர் படாமல் வேறு என்ன படும்? மறுநாள் “எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கெடையாதுண்ணே.” அதற்கடுத்த நாள் “ஓனர் ஊர்ல இல்ல.” பழைய சிடிஐயையாவது கொடு என்றால் “பழைய இரும்போட போயிருச்சு.” இப்போது போனை எடுப்பதில்லை. 11,400 ரூபாய். மீன்பாடு இல்லாத நாளில் இது எத்தனை நாள் டீசலோ மண்ணெண்ணெயோ என்று கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

வரிசையாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஸ்டாப் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ப்ளக்கை பிளாக்கில் நன்றாக எர்த் பட வையுங்கள். கேப்பை அந்தரத்தில் விட்டு இழுத்தால் நல்ல சிடிஐயும் போய்விடலாம். ப்ளக் ஓட்டையில் துணி அடையுங்கள், இல்லையென்றால் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளலாம். ஒயரைக் கழற்றிய நிலையில் மோட்டார் ஸ்டார்ட் ஆகிவிட்டால் பட்டனில் நிற்காது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். அப்படியே கடலுக்குப் போகாதீர்கள், ஆள் தண்ணீரில் விழுந்தால் மோட்டார் நிற்காது.

அடுத்து எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புக்காகிதத்தால் தேய்த்து மாட்டுங்கள். சார்ஜ் காயிலையும் பல்சரையும் ஓம்ஸில் வைத்துப் பார்த்து அந்த மாடல் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மீட்டர் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. அரை மணி ஓடி நின்று, ஆறினதும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஆறினபின் எல்லாம் நல்லதாகத்தான் காட்டும்.

சிடிஐ கடைசி. சாதாரண மீட்டரில் அது போச்சா இல்லையா என்று சொல்ல முடியாது. மீட்டரில் பீக் வோல்டேஜ் அடாப்டர் (ஒரு நொடிக்குள் வந்து போகும் வோல்டேஜின் உச்சத்தைக் காட்டும் துணைக்கருவி) போட்டு சார்ஜ் காயில், பல்சர் இரண்டிலிருந்தும் வோல்டேஜ் வருகிறது, ஸ்டாப் ஒயர் கழற்றியிருக்கிறது, அப்போதும் இக்னிஷன் காயிலுக்கு எதுவும் போகவில்லை என்றால்தான் சிடிஐ. அளக்காமல் சொல்கிறவரிடம் “எதை வச்சு சொல்ற?” என்று கேளுங்கள்.

பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 1915 நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். இப்போது கையில் பில் இல்லை, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கிறது. கழற்றிய பழைய பார்ட் எதையும் கடையில் விடாதீர்கள். செத்துவிட்டது என்று சொன்னாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.