மூன்று மாத பிசியோ வகுப்பு: மாடிப்படியைத் தவிர மற்றது பரவாயில்லை

பாத்ரூமில் குந்தி எழும்போது குழாயைப் பிடித்தேன். குழாய் கையோடு வந்துவிட்டது. பிளம்பருக்கு 450 ரூபாய் அழுத பிறகு, “கோளாறு குழாயில இல்லப்பா, உங்க தொடையில” என்றாள் மகள். அப்படிப் போய்ச் சேர்ந்ததுதான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த பிசியோதெரபி சென்டர். அறுபது தாண்டியவர்களுக்கென்று தசைப் பயிற்சி, வாரம் மூன்று நாள், மாதம் 2,400 ரூபாய்.

எனக்கு 68 வயது. சுகர் வந்து 17 வருஷம். ஈபியில் லைன்மேனாக இருந்தவன்.

முதல் நாள் ஒரு நாற்காலியைப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார் பிசியோ தம்பி. 12 விநாடிக்குள் முடிக்க வேண்டுமாம். எனக்கு 17. அப்புறம் ஒரு கருவியைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். 23 கிலோ காட்டியது. ஆசிய ஆண்களுக்கு 28-க்குக் கீழே போனால் பலவீனம் என்று கணக்கு. 30 வருஷம் கம்பத்தைக் கட்டிப்பிடித்த கை! மெஷின் ரிப்பேர் என்று இடக்கையிலும் பார்த்தேன். 21.

இரண்டு வருஷத்தில் ஆறு கிலோ குறைந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தொப்பையிலிருந்து போகவில்லை, தொடையிலிருந்து போயிருக்கிறது. “சார், சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரையைப் போட்டு வைக்கிற பெரிய குடோனே தசைதான். குடோன் சின்னதானா சரக்கு ரோட்டுலதான் நிக்கும்” என்றார். சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் தசை இன்னும் வேகமாகக் கரையுமாம். தினமும் உத்திர வீதியைச் சுற்றி நடக்கிறேனே என்றேன். நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தசை ஏற பாரம் வேண்டும் என்றார்.

பயிற்சி எல்லாம் சாதாரணம்தான். ரப்பர் பட்டையை இழுப்பது, நாற்காலியில் மெதுவாக உட்காருவது, இரண்டு கிலோ தம்புல்ஸ். “மெதுவாக” என்பதில்தான் உயிர் போகிறது. தொப்பென்று உட்கார்ந்தால் கணக்கில் சேர்க்க மாட்டார்.

இனி குறைகள். சேரும்போது நிரப்பும் படிவத்தில் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று ஒரு கேள்வி கிடையாது. நான் கிளிமிபிரைடு போடுகிறவன், சாப்பிடாமல் போட்டால் சுகரை ரொம்ப இறக்கிவிடும் மாத்திரை. இரண்டாவது வாரம், மாத்திரை போட்டுவிட்டு வெறும் காபியோடு போனேன். பாதியில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. சுகர் மீட்டரில் 62, தாழ்ந்துவிட்டது. டீக்கடைக்கு ஓடிப்போய்ச் சர்க்கரை வாங்கி வந்தார்கள். இன்றும் அங்கே குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருக்கவில்லை, என் சட்டைப்பையில் இருக்கிறது. டாக்டர் மாத்திரை வேளையை மாற்றிக் கொடுத்தார்.

இன்னொன்று, வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டாத நாளே இல்லை. வாங்கவில்லை. சுகர்காரனுக்கு முதலில் கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் பார்க்க வேண்டும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். இரண்டும் நார்மல். சரி, எடை 58 கிலோ, நாளுக்கு சுமார் 60 கிராம் புரதம் சாப்பிடுங்கள் என்றார். நான் காலையில் இரண்டு இட்லியும் கார சட்னியும் சாப்பிட்டு ஒழுங்காக இருப்பதாக நினைத்தவன். அதில் நாலு கிராம் தேறினால் பெரிசு. இப்போது இரண்டு முட்டை, மாலையில் சுண்டல், மதியம் சோற்றைக் குறைத்துப் பருப்பு. “வீட்டுல தினமும் நவராத்திரியா?” என்கிறாள் மனைவி.

மூன்று மாதத்தில் நாற்காலி 12.5 விநாடி, கை 26 கிலோ. மூன்று மாதச் சராசரி சுகர் 8.1-லிருந்து 7.4. சோறு குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு, முழுப் பெயரையும் சென்டருக்குக் கொடுக்க முடியாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். தம்பிக்கு மட்டும் என்றால் ஐந்து. கால் பலமில்லாதவர்களுக்கான இடத்தை லிஃப்ட் இல்லாத முதல் மாடியில் வைத்தவருக்கு எவ்வளவு கழிப்பது என்று தெரியவில்லை. 19 படி, கைப்பிடி வலது பக்கம் மட்டும். காலை 6 மணி பேட்சில் சேருங்கள், 7 மணிக்கு நாற்காலி கிடைக்காது.