அரிசியில் எழுத்து: ஆறு வருடம் கையில் இருந்த சாமான்கள்

அரிசியில் பேர் எழுதுகிறேன் என்றால் முதல் கேள்வியே "என்ன லென்ஸ்?" என்பதுதான். நானும் அந்த நினைப்பில்தான் பத்து மடங்கு லென்ஸ் வாங்கினேன். அரிசி பூசணிக்காய் மாதிரி தெரிந்தது. ஆனால் லென்ஸுக்கும் அரிசிக்கும் நடுவே இரண்டரை செ.மீ.தான் இடம், பேனாவை எங்கே நுழைப்பது? இப்போது எழுதி முடித்ததைச் சரிபார்க்க மட்டும் அதை எடுக்கிறேன்.

ஆறு வருடமாக உழைப்பது தலையில் மாட்டும் 2.5 மடங்கு லென்ஸ். வேலையை 20 செ.மீ. தள்ளி வைத்துக்கொள்ளலாம், இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், பேனா நுனி அரிசியைத் தொட இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பது பிடிபடும். 3.5 மடங்கும் போட்டுப் பார்த்தேன். 10 செ.மீ.க்குக் குனிந்தால் கழுத்து ஒரு வாரம் பேசாது. குறை என்றால் நெற்றிப்பட்டைதான், வியர்வையில் ஊறி இரண்டு தடவை மாற்றியாயிற்று.

பேனாவில் காசு நிறைய வீணானது. 0.1 மி.மீ. உலோக நுனிப் பேனா காகிதத்தில் அருமை. அரிசியிலோ மேல்மாவைச் சுரண்டிக்கொண்டு அடைத்துக்கொள்ளும். மூன்றாவது முறை கழுவியபோது உள்ளே இருந்த கம்பியே வளைந்துவிட்டது. இப்போது 005 என்று குறியிட்ட, 0.20 மி.மீ. கோடு போடும் நிறமி மைப் பேனாதான். முப்பது, நாற்பது அரிசிக்குள் நுனி மழுங்கிவிடும், மை பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. நீள அரிசி ஏறத்தாழ 7 மி.மீ., அகலம் 2 மி.மீ. விளிம்பு வளைவைக் கழித்தால் எழுத்துக்கு ஒரு மி.மீ. உயரம் கிடைக்கும். 0.20 கோட்டில் அது ஐந்து கோடு அளவுதான். 'மாலா' சிரமமில்லாமல் வந்துவிடும். 'கண்ணன்' என்றால் மூன்று சுழி ண இரண்டு, மேலே புள்ளிகள் வேறு. சுழியெல்லாம் அடைந்து கரும்பொட்டாகிவிடும். அந்த மாதிரிப் பேருக்குப் பேனாவை வைத்துவிட்டு, ஏழெட்டு மயிர் மட்டும் விட்டு வெட்டிய தூரிகையை எடுப்பேன். சுழியை முழுதாகச் சுற்றாமல் ஒரு மயிரிழை திறந்தே விடுவேன், கண் தானாக மூடிக்கொள்கிறது. புள்ளியைக் கடைசியில், நுனி பாதி காய்ந்த பிறகு. இல்லாவிட்டால் ஊறிப் பருத்துவிடும்.

லென்ஸைவிட அரிசியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் போகவேண்டும் என்பது என் கட்சி. பச்சரிசி வெளேரென்று எடுப்பாக இருக்கும், ஆனால் மை ஓரம் கசியும். புழுங்கல் கொஞ்சம் மஞ்சள்தான், ஆனால் வேகவைத்துக் காயவைத்ததில் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், கோடு கோடாகவே நிற்கும். விரல் எண்ணெய் படக்கூடாது. இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் அரிசி பறந்துவிடும், பிறகு தேடுதல் வேட்டைதான். போஸ்டர் ஒட்டும், களிமண் மாதிரியான பிசினில் பதித்துவிடுங்கள். இரண்டு மணிக்கட்டும் மேசையில், சுண்டுவிரல்கள் ஒன்றையொன்று முட்டியபடி, மூச்சை விட்ட இடைவெளியில் ஒரு கோடு.

எழுதிய அரிசியைப் போட்டு வைக்கும் சின்னக் குப்பியில் முதலில் கிளிசரின் ஊற்றினேன். அது தண்ணீரோடு கலக்கும் சாமான், என் மை தண்ணீர் மை. மெல்ல மங்கிப்போனது. இப்போது மினரல் ஆயில், மை ஒரு நாள் காய்ந்த பிறகு. குப்பியின் உருளை வடிவம் எழுத்தைப் பெரிதாக்கியும் காட்டும். ஒரு தொல்லை உண்டு. எண்ணெய் இறங்கியதும் அரிசி கண்ணாடித்தன்மை பெற்று, பின்பக்கத்து எழுத்து முன்னால் நிழலாடும். அதனால் இரண்டு பக்கமும் எழுதுவதை விட்டுவிட்டேன்.

எண்ணெயில்லாமல் சட்டத்தில் வைத்துக் கொடுத்த ஒரு பேரில் மூன்றாம் மாதம் ஓட்டை விழுந்தது. அரிசி வண்டு முட்டையை அரிசிக்கு உள்ளேயே வைத்து மூடிவிடும், புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகி வெளியே வந்திருக்கிறது, சரியாக 'லா'வின் நடுவில். அதிலிருந்து எழுதப்போகும் அரிசி எல்லாம் ஒரு வாரம் ஃப்ரீசரில் இருந்துவிட்டுத்தான் மேசைக்கு வருகிறது.