உலர்தாவரத் தாள்களைப் படமாக்க: ஸ்கேனரா, கேமராவா?

உலர்த்திய செடிகளைத் தாள்களில் ஒட்டிவைத்த பல்கலைக்கழக உலர்தாவரச் சேகரிப்பை டிஜிட்டலாக்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

வேகம்: ஸ்கேனரில் தாளுக்குச் சில நிமிடங்கள், தாங்கியில் பொருத்திய கேமராவில் சில நொடிகள்.

நுணுக்கம்: ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் எளிது. 50 மெகாபிக்சல் கேமராவில் ஏறத்தாழ 480. பெரும்பாலான ஆய்வுக்கு இதுவே போதும்.

பாதுகாப்பு: எனக்கு இதுதான் முக்கியம். சாதாரண ஸ்கேனரில் தாளைக் கவிழ்க்க வேண்டும். நூறாண்டுப் பழைய இதழ் உதிர்ந்தால் திரும்பக் கிடைக்காது. ஸ்கேனரைத் தலைகீழாகப் பொருத்திய ஹெர்ப்ஸ்கேன் வகையில் தாள் நிமிர்ந்தபடியே கண்ணாடியை நோக்கி மேலேறும். அதிலும் தடித்த கனிகள் அழுந்தும். கேமரா தொடுவதே இல்லை.

செலவு: கேமராவுக்கு விளக்கும் தாங்கியும் தனி.

ஆயிரக்கணக்கில் தாள்கள் இருந்தால் கேமரா. இனத்துக்குப் பெயர் சூட்ட ஆதாரமான வகைமாதிரிகள் சிலவற்றுக்கு மட்டும் என்றால் தலைகீழ் ஸ்கேனர். எதுவானாலும் பார்கோடு ஒட்டிவிட்டே படமெடுங்கள்.