திடலா, கூடமா, தியேட்டரா: வடசென்னையில் ஆவணப்படம் எங்கே பார்ப்பது?

தெருத்திடலில் திரை கட்டிப் போடுவார்கள். இல்லையென்றால் பகுதியின் சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டுக் காட்டுவார்கள். அதுவும் இல்லையென்றால் டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் பாஸ் எடுத்து அண்ணா சாலை, ராயப்பேட்டைப் பக்கம் போக வேண்டும். இடத்தை முடிவு செய்யும் முன் என்ன படம் என்று பாருங்கள்.

நிதானமாக நகரும் கதைப்படம், இருட்டுக் காட்சி அதிகமுள்ள படம் என்றால் யோசிக்காமல் தியேட்டர். திடலில் அது செத்துவிடும். காரணம் வெளிச்சக் கணக்கு. வாடகைக்குக் கிடைக்கும் 3000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) புரொஜெக்டர் 12 அடி அகலத் திரைக்குத் தாராளம். கூட்டம் வரும் என்று 20 அடித் திரை கட்டினால் அதே வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பரப்பில் பரவுகிறது. போதாக்குறைக்குத் தெருவின் எல்இடி விளக்கும் திரையில் விழும், கறுப்பெல்லாம் சாம்பலாகும். சின்னத் திரை, அணைத்து வைத்த தெருவிளக்கு, இரண்டும் இருந்தால் திடலில் உட்காரலாம்.

தியேட்டரில் வேறு தொல்லை. பாஸ் கையில் இருந்தாலும் முதலில் வந்தவருக்கே இருக்கை. பேசப்படும் படத்துக்கு அரைமணி முன்னாலேயே வரிசை நிற்கும். வெளிநாட்டுப் படங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில வசனவரிதான். அம்மாவையோ ஆயாவையோ அழைத்துப் போனால் பாதிப் படத்தை நீங்கள்தான் காதோரம் சொல்ல வேண்டும். அடுத்த காட்சி காத்திருப்பதால் இயக்குநரோடான பேச்சும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். போய்வரச் சிரமமில்லை: திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம். பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து மெட்ரோ பிடித்தால் அடுத்த நிலையம் அதுதான்.

ஆவணப்படத்துக்கு எங்கள் ஓட்டு சமுதாயக் கூடத்துக்கு. அழகுக்காக இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்ததைப் பற்றிய படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலையும் படகும் பாழான மீனவர் அதே கூடத்தில் உட்கார்ந்திருப்பார். ‘இந்த இடத்தைத் தப்பாக் காட்டிட்டீங்க’ என்று மைக் பிடித்துச் சொல்வார். படம் முடிந்து நடக்கும் அந்த அரைமணிப் பேச்சு தியேட்டரில் கிடைக்காது. கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து சொற்பொழிவாற்றும் அண்ணன் எந்தக் கூடத்திலும் ஒருவர் உண்டு. ஒருங்கிணைப்பாளர் கெட்டி ஆளாக இருந்தால் சமாளிப்பார்.

கூடத்தின் எதிரி எதிரொலி. மொசைக் தரை, வெறும் சுவர், மேலே ஃபேன் இரைச்சல். ஆவணப்படத்தில் பாதி பேட்டிதான். அது குழறினால் படமே போச்சு. ஒலியைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். பின்சுவரில் ஷாமியானா துணி தொங்கவிட்டு, ஸ்பீக்கரை உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே வைத்து அவர்களை நோக்கித் திருப்புவதே வழி. பார்க்கப் போகிறவர் மூன்றாம் நான்காம் வரிசையில் நடுவில் உட்காருங்கள். கடைசி வரிசையில் எதிரொலிதான் காதில் விழும். உதடு ஒரு நேரம், பேச்சு ஒரு நேரம் வருகிறதா? பெரும்பாலும் ப்ளூடூத்தில் ஸ்பீக்கரை இணைத்திருப்பார்கள். ஒயர் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும். தமிழ் வசனவரி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லேப்டாப்பில் எழுத்துரு இல்லை. முன்னோட்டம் பார்க்காததன் அடையாளம்.

திடலுக்குப் பொருத்தமானவை பாட்டு, கானா, கால்பந்து, குத்துச்சண்டை பற்றிய படங்கள். நடுவில் எழுந்து போனாலும் விட்ட இடம் புரியும். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் வசனவரியை விழுங்கிவிடும். அப்படியிருந்தால் நாற்காலியை விட்டு முன்னாடிப் பாயில் உட்காருங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. ஆகவே எட்டரைக்குத் தொடங்கும் இரண்டு மணிநேரப் படத்தின் கடைசிக் காட்சியைச் சத்தமில்லாமல்தான் பார்க்க வேண்டியிருக்கும்.