செத்துக் கிடந்த இ-ரீடரும் பைபாஸ் ரோட்டு வெயிலும்

ராத்திரி போனில் படித்துவிட்டுக் கண் எரிகிறது என்று நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அம்மா, "அந்தப் படிக்கிற மிஷினை வாங்கித்தான் தொலையேன்டா" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது இ-ரீடரை, புத்தகம் படிக்கவென்றே இருக்கிற கருவி. ஆன்லைனில் ஆர்டர் போட ஒரு நிமிஷம் போதும். ஆனால் பத்தாயிரம் ரூபாய் சாமானைக் கையில் தொட்டுப் பார்க்காமல் வாங்க எனக்கு மனசு வராது. பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் டெமோ பீஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சனிக்கிழமை மத்தியானம் போனேன்.

இருந்தது. செல்போன் கவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், மேஜையோடு ஒயர் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். திரையில் காலி பேட்டரி படம் ஒன்று தெரிந்தது. ஸ்டிக்கர் போலிருக்கிறது என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அது ஸ்டிக்கர் இல்லை, திரையேதான், சார்ஜ் சுத்தமாக இறங்கிப்போயும் படம் மட்டும் அப்படியே நிற்கிறது. இ-ரீடரில் இருக்கிற இந்த மைத்திரையின் (இ-இங்க்) சங்கதியே அதுதான். உள்ளே பொடிப்பொடிக் குமிழ்களில் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கும், கரண்ட் கொடுத்தால் ஒன்று மேலே வரும், இன்னொன்று கீழே போகும், கரண்டை நிறுத்தினாலும் வந்த இடத்திலேயே இருக்கும். பக்கம் திருப்பும்போதுதான் திரைக்குச் சார்ஜ் செலவாகிறது, அதனால்தான் ஒரு தடவை ஏற்றினால் வாரக்கணக்கில் ஓடுகிறது. அப்படிப்பட்ட சாமானையே சாகவிட்டிருக்கிறார்கள் என்றால் எத்தனை நாள் யாரும் தொடவில்லையோ!

"இத யாரும் கேக்குறதில்லண்ணே, டேப்லெட் பாக்குறீங்களா?" என்றான் சேல்ஸ் தம்பி. வேண்டாம் என்றேன். அவன் சார்ஜர் தேடி எடுத்துச் சொருகுவதற்குள் நான் வெளியே போய் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உயிர் வந்ததும் நான் கேட்ட முதல் காரியம், வெயிலில் பார்க்க வேண்டும் என்பது. தம்பி மேனேஜரிடம் போய்ச் சொல்லி ஒயரைக் கழற்றி வாங்கி வந்தான், செக்யூரிட்டி அண்ணன் பக்கத்திலேயே நிற்க வாசல் படிக்கு வந்தோம். சித்திரை மாசத்து மூன்று மணி வெயில், கண்ணைத் திறக்க முடியவில்லை. போனை முழு வெளிச்சத்தில் வைத்தும் என் மூஞ்சிதான் தெரிந்தது. இ-ரீடரிலோ உள்ளே இருந்ததைவிட வெளியேதான் எழுத்து பளிச்சென்று இருந்தது, அச்சடித்த தாள் மாதிரி. செக்யூரிட்டி அண்ணனே குனிந்து பார்த்துவிட்டு "பேப்பர் மாதிரியே இருக்கேப்பா" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. போனில் விரலால் தள்ளிப் பழகியவர்களுக்குப் பக்கம் மாறும் அந்தச் சின்னத் தாமதமும், அவ்வப்போது திரை கறுப்பாகி மின்னுவதும் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், நாலு பக்கம் தாண்டியதும் எனக்கு மறந்துபோனது.

ஆனால் உள்ளே இருந்தது பூராவும் இங்கிலீஷ். தமிழ் எப்படித் தெரியும் என்று கேட்டால் தம்பிக்குத் தெரியவில்லை, டெமோ செட்டில் நம் கணக்கைப் போடவும் விடவில்லை. சரி, சாயங்காலம் அண்ணா நகரில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போய் அவனுடைய 6 அங்குல ரீடரை வாங்கிப் பார்த்தேன். அங்குலத்துக்கு 300 புள்ளி, ணகர னகரச் சுழியெல்லாம் துல்லியம். எழுத்தைப் பெரிதாக்கினால்தான் வம்பு. 'சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம்' மாதிரி ஒரு வார்த்தை வந்தால் பாதி வரியை அதுவே அடைத்துக்கொள்கிறது, மிச்சம் இருக்கும் இரண்டு வார்த்தைக்கு நடுவில் பஸ் போகலாம். இடப்பக்கம் மட்டும் ஒட்டி வைக்கும்படி மாற்றினால் கொஞ்சம் தேவலை. பிடிஎஃப் இன்னும் மோசம். 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களை ஏற்றி வருகிற மதுரைத் திட்டம் நம் ஊர்ப் பேர் கொண்டது, எனக்கு உசிரு. ஆனால் அதிலிருந்து இறக்கிய ஏ4 பிடிஎஃப் அந்தச் சின்னத் திரையில் எறும்பு வரிசையாகத் தெரிந்தது. அதையே, திரைக்குத் தகுந்தபடி வரியை மடக்கிக்கொள்கிற இ-பப் கோப்பாக மாற்றிப் போட்டால் ஒழுங்காக வருகிறது.

ஆக, தமிழ் படிக்கிறவர்கள் 6 அங்குலம் வாங்காதீர்கள், 7 அங்குலம் போங்கள். கடையில் பார்த்த டெமோ பீஸ் அந்த அளவுதான், மஞ்சள் வெளிச்சமும் அதில் இருந்தது, ராத்திரிக்கு நல்லது.

ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போய் 7 அங்குலத்தையே வாங்கினேன். ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய் கம்மிதான், ஆனால் வெயிலில் என்னோடு நின்றது அந்தத் தம்பி. பில் போடும் நேரத்தில் திரும்பிப் பார்த்தேன், டெமோ பீஸில் இருந்த சார்ஜரைப் பிடுங்கி ஒரு ஸ்பீக்கருக்குச் சொருகிக்கொண்டிருந்தான்.