ஒரே கதை, நாலு வடிவம்: மங்கா வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்கிறோம்?

மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைப் புத்தகம், வாங்க ஆரம்பிக்கும் எல்லாருக்கும் முதலில் வரும் குழப்பம், தனித்தனி வால்யூமா, மூன்று வால்யூமை ஒரே புத்தகமாக்கிய 3-இன்-1 தொகுப்பா, எல்லா வால்யூமும் ஒரே பெட்டியில் வரும் பாக்ஸ் செட்டா, கெட்டி அட்டை போட்ட ஹார்டுகவரா என்பதுதான். பொதுவாகப் பேசினால் இது தீராது. ஒரே கதையை எடுத்து வைத்துப் பார்த்தால் தெளிவாகும். அதற்குத் தோதானது ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’. 2001 முதல் 2010 வரை ஜப்பானில் மாத இதழில் ஓடி முடிந்த கதை. மொத்தம் 108 அத்தியாயம், 27 வால்யூம். ஆங்கிலத்தில் விஸ் மீடியா என்ற பதிப்பகம் இதை நாலு விதமாகவும் போட்டிருக்கிறது: தனி வால்யூம் 27, அதே 27-உம் அடங்கிய பாக்ஸ் செட், 3-இன்-1 தொகுப்பு 9, ‘ஃபுல்மெட்டல் எடிஷன்’ என்ற ஹார்டுகவர் 18.

அட்டை விலையை வைத்து ஒப்பிடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். ஓர் அத்தியாயத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் கணக்குக்காக மட்டும் சில எண்கள்: தனி வால்யூம் 450 ரூபாய் என்றால் முழுக் கதைக்கு 12,150, அத்தியாயத்துக்கு சுமார் 112. 3-இன்-1 தொகுப்பு ஒன்று 900 ரூபாய் என்றால் முழுக் கதைக்கு 8,100; அத்தியாயத்துக்கு 75. ஹார்டுகவர் 1,400 என்றால் 25,200, அத்தியாயத்துக்கு 233. தள்ளுபடியில் எதைப் பார்த்தாலும் இப்படி வகுத்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள். ஹார்டுகவருக்கு 40 சதவீதம் தள்ளுபடி என்று பலகை தொங்கினாலும், மேலே சொன்ன விலையில் அது தனி வால்யூமைவிட அதிகம்தான்.

காசு மட்டும் என்றால் 3-இன்-1 ஜெயித்துவிட்டது. ஆனால் மங்காவில் காசுக்குச் சமமாகப் பார்க்க வேண்டியது நடுமடிப்பு. கதாநாயகன் எட்வர்ட் இரண்டு கைகளையும் தட்டித் தரையில் வைப்பான். நிலம் பிளந்து கல் எழும். இப்படிப்பட்ட காட்சி இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே படமாக வரும்போது, மூன்று வால்யூமை ஒன்றாகச் சேர்த்து ஒட்டிய தடித்த புத்தகத்தில் படத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும். பேச்சுக் குமிழின் ஓர எழுத்துகளும் சில சமயம் உள்ளே மாட்டிக்கொள்ளும். தெரிய வேண்டுமென்று அழுத்தி விரித்தால் முதுகில் வெள்ளைக் கோடு விழும். அதே இடத்தில் நாளடைவில் பசை விட்டு, பக்கம் கழன்று வரும்.

புதுத் தடிப்புத்தகத்தை முதல் தடவை திறக்க ஒரு முறை இருக்கிறது. முதுகு மேசையில் படும்படி நிமிர்த்திப் பிடித்து, இரண்டு அட்டைகளையும் முதலில் படுக்க விடுங்கள். பிறகு முன்பக்கத்திலிருந்து பத்துப் பதினைந்து தாள், பின்பக்கத்திலிருந்து அதே அளவு என்று மாற்றி மாற்றி, மடிப்போரம் விரலால் மெல்லத் தடவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஐந்து நிமிட வேலை. எடுத்த எடுப்பில் நடுவில் பிளந்தால் அந்த முதுகு அதோடு சரி.

ஹார்டுகவர் விலைக்கு நியாயம் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அளவு பெரிது, தாள் நீண்ட நாள் நிற்கும் ரகம், வண்ணப் பக்கங்கள் உண்டு, மொழிபெயர்ப்பைத் திருத்தி எழுத்துகளையும் புதிதாக அமைத்திருக்கிறார்கள். அரகாவாவின் கோடுகளை ரசித்து ரசித்துப் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதிப்பு ஆங்கிலத்தில் இல்லை. படித்து முடித்தபின் திரும்பத் திரும்ப எடுக்கப்போகும் ஒன்றிரண்டு கதைகளை மட்டும் இப்படி வாங்கலாம். எல்லாக் கதைக்கும் இதே வழி என்றால் பணத்துக்கு முன்னால் அலமாரி நிறைந்துவிடும்.

பாக்ஸ் செட்டில் முக்கியமாக இருப்பது அதே தனி வால்யூம்கள்தான். மொத்தமாக வாங்குவதால் கிடைக்கும் தள்ளுபடியும், நடுவில் ஒரு எண் ஸ்டாக் இல்லாமல் தவிக்காத நிம்மதியும்தான் லாபம். கூரியரில் வரும்போது பெட்டியின் மூலை நசுங்குவது சகஜம். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவையுங்கள். உள்ளே புத்தகங்கள் இறுக்கமாக இருந்தால் முதுகின் மேல்நுனியில் நகத்தைக் கொடுத்து இழுக்காதீர்கள், அட்டை கிழியும். ஒரு வரிசையை மொத்தமாகப் பிடித்து முன்னால் நகர்த்தி எடுங்கள்.

துண்டு துண்டாகச் சேர்ப்பவர்கள் வடிவங்களைக் கலக்கலாம், கணக்குத் தெரிந்தால். 3-இன்-1 வரிசையில் 4-ஆம் புத்தகம் என்றால் தனி வால்யூம் 10, 11, 12. எண்ணை மூன்றால் பெருக்கினால் கடைசி வால்யூம் வந்துவிடும். ஹார்டுகவரோடு இந்த வாய்ப்பாடு ஒத்துவராது. 27 வால்யூமை 18-ஆகப் பிரித்ததால் சராசரியாக ஒன்றரை வால்யூம், ஆறு அத்தியாயம் வரும். வால்யூம் எண்ணை விட்டுவிட்டு, பொருளடக்கத்தில் அத்தியாய எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இனி மலிவுச் சந்தை. எடைக்குப் புத்தகம் விற்கும் கண்காட்சிகளில் தனி வால்யூம் சுமார் 200 கிராம்தான் இருக்கும், அதனால் மங்காவுக்கு அது நல்ல இடம். ஹார்டுகவருக்கோ அட்டையின் எடைக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். அடிப்பக்க வெட்டோரத்தில் மார்க்கர் கோடு அல்லது புள்ளி இருந்தால், அது பெரும்பாலும் பதிப்பகம் மிச்சத்தைத் தள்ளிவிட்ட பிரதி. உள்ளே பொதுவாகக் குறை இருக்காது, ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு எடுக்கலாம். நூலக முத்திரை இருப்பவற்றில் பக்கங்களை எண்ணிவிட்டு எடுங்கள். இந்த இடங்களில் 7, 15, 22 என்று சிதறிய எண்கள்தான் கிடைக்கும். ஏற்கெனவே பாதி வைத்திருப்பவருக்கு அது புதையல்; புதிதாகத் தொடங்குகிறவர் அதை வாங்கி வைத்துவிட்டு மற்றதைத் தேடி அலைவார்.

நடைபாதையில் புதுசு போலப் பளபளப்பாக, பாதி விலைக்கும் கீழே அடுக்கி வைத்திருந்தால் கள்ளப் பிரதியா என்று பாருங்கள். சாம்பல் நிற நிழல் இருக்கும் ஒரு கட்டத்தைக் கண்ணருகே கொண்டுபோங்கள். அசலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தனித்தனியாக நிற்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து, அலை அலையாக அல்லது அழுக்குத் திட்டாகத் தெரியும். கறுப்பு அடர்த்தியாக இல்லாமல் வெளுத்திருக்கும், ஓரத்தில் படம் வெட்டுப்பட்டிருக்கும், மறுபக்க அச்சு தாளில் ஊடுருவித் தெரியும். பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணும் உள்ளே பதிப்புரிமைப் பக்கத்து எண்ணும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். படமே சிதைந்த மங்காவுக்கு எந்த விலையும் அதிகம். வரைந்தவருக்கும் அதில் ஒரு காசு போகாது.

டிஜிட்டல் பற்றி இரண்டே வார்த்தை. விஸ்ஸின் ஷோனென் ஜம்ப் சந்தா இந்தியாவில் கிடைக்கிறது. அந்த மாதச் சந்தாவில் ‘நருட்டோ’ மாதிரி 72 வால்யூம் ஓடிய கதைகளைக்கூடப் படித்துவிடலாம். ஆனால் அங்கே இருப்பது ஜம்ப் என்ற ஜப்பானிய இதழ்க் குடும்பத்துக் கதைகள். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ ஸ்கொயர் எனிக்ஸ் என்ற வேறு பதிப்பகத்தின் இதழில் வந்ததால் அந்தச் சந்தாவில் தேடிப் பயனில்லை. சந்தா கட்டும் முன் கதை எந்தப் பதிப்பகத்துடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, கதை பிடிக்குமா என்றே தெரியாதபோது தனி வால்யூம் ஒன்று, அல்லது அத்தியாயங்களைத் திரையில். பிடித்துப்போய் முடிவுவரை படிக்க வேண்டுமென்றால் 3-இன்-1. பாக்ஸ் செட், விழாக்காலத் தள்ளுபடியில் அத்தியாயக் கணக்கு 3-இன்-1-க்குப் பக்கத்தில் வரும்போது மட்டும். அப்படி வந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள், நடுமடிப்புத் தொல்லை பாதியாகக் குறைந்துவிடும்.