வயரா, பேட்டரியா? கை ப்ளோயர் வாங்குவதற்கு முன்

ஹார்ட்வேர் கடையில், தூசியைக் காற்றால் ஊதித் தள்ளும் ப்ளோயர் கேட்டால் இரண்டு பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். ஒன்று வயர் வைத்தது, 600 வாட்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இன்னொன்று பேட்டரியில் ஓடுவது, ‘21 வோல்ட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். நான் வயர் வைத்ததை வாங்கினேன். அப்புறம் கட்டிங் மெஷின் வாங்கும்போதும் அதே முடிவுதான். டிரில்லிங் மெஷினுக்கு மட்டும் பேட்டரிக்குப் போனேன். ‘எல்லாரும் வயரை விட்டு விலகும்போது நீ ஏன் வயரைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்’ என்று கேட்கிற நண்பர்களுக்கும், இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கும் இது.

என் தேவை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதைப் பொறுத்ததுதான். திருச்சியில் வீடு. மாடியில் தகரக் கொட்டகை, அதில் விடுமுறை நாளில் கொஞ்சம் மரவேலை. ஏ.சி. ஃபில்டர், கம்ப்யூட்டர், ஜன்னல் தண்டவாளம், பைக் செயின் பக்கம், அறுத்து முடித்த மேஜை, இதெல்லாம்தான் ப்ளோயருக்கு வேலை. பெரிய தோட்டம் வைத்துக்கொண்டு இலை தள்ளுகிறவர்களின் கணக்கு வேறு.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். பேட்டரி மெஷினை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், வயர் காலில் சிக்காது. வயர் மெஷின் விலை குறைவு, காற்று பலமாக வரும், சார்ஜ் தீர்ந்து பாதியில் நிற்காது. இரண்டும் காதைப் பிளக்கும். இதில் சண்டை எதுவும் இல்லை.

பெட்டியில் இருக்கும் வோல்ட் கணக்கில் மட்டும் ஏமாற வேண்டாம். மக்கிடா 18 வோல்ட் என்கிறது, டிவால்ட் 20 வோல்ட் மேக்ஸ் என்கிறது, பெயர் தெரியாத பெட்டிகள் 21 என்கின்றன. மூன்றிலும் வரிசையாக ஐந்து லித்தியம் செல்கள்தான். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்தால் பெருக்கினால் 18, 21 இரண்டும் வந்துவிடும். 48, 88 என்று அச்சடித்து வரும் பேக்குகளைப் பிரித்தாலும் பெரும்பாலும் உள்ளே அதே ஐந்து வரிசைதான்.

உண்மையில் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 72 வாட்-ஹவர், அதாவது 72 வாட் மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. 600 வாட் எடுக்கும் மெஷினை அதில் ஓட்டினால் ஏழு நிமிடத்தில் காலி. அதனால்தான் பேட்டரி ப்ளோயரை மோட்டார் குறைவாக இழுக்கும்படி செய்கிறார்கள், காற்றும் அதற்குத் தகுந்த மாதிரிதான் வருகிறது. டிரில் அப்படியில்லை. ஒரு ஓட்டைக்குச் சில நொடி, அடுத்த ஓட்டைக்கு அளவெடுக்க ஒரு நிமிடம். ப்ளோயர் ஆன் பண்ணியது முதல் ஆஃப் பண்ணும் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே பேட்டரி டிரில்லில் நாள் முழுக்க வருவதும் ப்ளோயரில் தீர்ந்து போவதும் இதனால்தான்.

சரி, ஷாக் பயம். வயர் வேண்டாம் என்கிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் காரணம் இதுதான், அது வீண் பயமும் இல்லை. 230 வோல்ட் கையில் இருக்கிறது. ஆனால் நல்ல ப்ளோயர், டிரில், கட்டிங் மெஷின் எல்லாவற்றிலும் பெயர்த் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். உள்ளே ஒரு இன்சுலேஷன் கெட்டாலும் நாம் தொடும் மெஷின் உடம்புக்குக் கரண்ட் வராமல் இரண்டாவது காக்கும். பிளக்கில் எர்த் பின் இல்லாமல் இரண்டு பின் மட்டும் இருப்பது இதனால்தான், கம்பெனி மிச்சம் பிடித்ததால் அல்ல. அந்தச் சதுரக் குறி இல்லாமல் இரண்டு பின் மட்டும் இருந்தால் அந்த மெஷினை வாங்காதீர்கள்.

இதற்கு மேல் வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எம்.சி.பி. காப்பது வயரிங்கை. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ அதற்கு மேல் கரண்ட் ஓட வேண்டும், மனித உயிர் போக அதில் மிகச் சிறு பங்கு போதும். ஆர்.சி.சி.பி. போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். உடம்பு வழியாகத் தரைக்குக் கொஞ்சம் கசிந்தாலும் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் தரைக்குக் கசிவே இல்லை, அதற்குத் தெரியாது. இன்வெர்ட்டர் போட்ட பழைய வீடுகளில் நியூட்ரல் ஒன்றோடொன்று கலந்திருந்தால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். தொல்லை தாங்காமல் அதை பைபாஸ் பண்ணச் சொல்லி வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை இன்றைக்கே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றாலும், விழுந்தும் பிளக் பாயின்ட்டில் கரண்ட் இருந்தாலும், வயர் மெஷின் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயம்: பராமரிப்பு. வயர் மெஷினில் கெட்டுப் போகிறவை பெரும்பாலும் வயர், சுவிட்ச், கார்பன் (சுழலும் மோட்டாருக்குக் கரண்டை உரசிக் கொடுக்கும் சிறு கட்டி). இந்த மூன்றையும் எந்த ஊரிலும் மோட்டார் காயில் கட்டும் கடையில் மாற்றிவிடலாம். மோட்டாரில் சுழலும் பகுதியான ஆர்மேச்சரே போனாலும் கட்டிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் புதிது கிடைக்கும். கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டாலும் கவலையில்லை.

பராமரிப்பு என்றால் செலவை மட்டும் சொல்லவில்லை. இந்த மெஷினில் ஆபத்து வரும் இடமும் பழுது வரும் இடமும் ஒன்றுதான். வயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் குழல் இருக்கும். மெஷினை வயரைப் பிடித்துத் தூக்கினால், வேலை முடிந்ததும் வயரை மெஷின் உடம்போடு இறுக்கிச் சுற்றி வைத்தால், முதலில் அந்த இடம்தான் உள்ளே முறியும். அறிகுறி எளிது: வயரை அசைத்தால் மெஷின் விட்டு விட்டு ஓடும். பலர் அந்தக் கட்டத்தில் வயரை ஒரு பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். அங்கே சூடாகி, மேல் உறை இளகி, கை படும் இடத்திலேயே செம்பு தெரியும். அந்த அளவு வயரை வெட்டித் தள்ளிவிட்டு மீதியை உள்ளே மாட்டச் சொன்னால் கடையில் பத்து நிமிட வேலை. நடுவயரில் வெட்டுப் பட்டால் முறுக்கி டேப் சுற்ற வேண்டாம், முழு வயரையும் மாற்றுங்கள். இழுத்துப் புரட்டும் வயரில் டேப் நிற்காது.

கார்பன் தேய்வதையும் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றுத் துளை வழியே பொறி வழக்கத்தைவிட அதிகமாகத் தெரியும், ஒரு கருகல் வாசம் வரும், வேகம் ஏறி இறங்கும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்மானம் ஒரு பக்கமாகும். விலை ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். மாற்றாமல் ஓட்டினால் ஆர்மேச்சரின் செம்புப் பட்டையைத் தின்றுவிடும், அப்போதுதான் செலவு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இந்தக் கணக்கில் வரும். டி.வி.க்கு வாங்கிய மெல்லிசு வயர் பாக்ஸில் 850 வாட் கட்டிங் மெஷினை மாட்டக் கூடாது. 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்ட பாக்ஸ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். உருளையில் சுற்றியிருக்கும் வகை என்றால் முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுற்றியபடியே இருந்தால் சூடு வெளியேற வழியில்லை.

பேட்டரிப் பக்கம் வாருங்கள். மெஷின் நன்றாக இருக்கும்போதே பேட்டரிக்கு வயதாகும். பயன்படுத்தாமல் வைத்தாலும் ஆகும். நம் ஊரில் சீக்கிரமே ஆகும். லித்தியத்துக்கு எதிரி சூடு. 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் போட வேண்டாம் என்று சார்ஜர் கையேடுகளிலேயே போட்டிருக்கும். மே மாதம் திருச்சியில் வெளியிலேயே 40 தாண்டும், தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். ப்ளோயரில் ஓடி முடித்த பேட்டரி ஏற்கெனவே கொதிக்கும். நல்ல கம்பெனி சார்ஜர் சூட்டைப் பார்த்து, ஆறும் வரை சார்ஜ் ஏற்றாது. மலிவு செட்டுகளோடு வரும் சார்ஜர் பலவும் வெறும் அடாப்டர். அதற்குச் சூடும் தெரியாது, செல் சமமாக ஏறுகிறதா என்பதும் தெரியாது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதற்கான பொருள் அல்ல அது. பேக் உப்பினால், கீழே விழுந்து உடைந்தால், அதோடு கதை முடிந்தது. குப்பைத் தொட்டியில் போடவும் முடியாது. காயில் கடையில் கொடுத்தால் செல் மாற்றித் தருவதாகச் சொல்வார்கள், அந்தச் செல் எந்தப் பழைய லேப்டாப்பில் இருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அசல் பேட்டரி வாங்கப் போனால் பல சமயம் வயர் ப்ளோயர் ஒன்றின் முழு விலையையே கேட்பார்கள். இரண்டாம் கைக்கு விற்றாலும் அதேதான். வயர் மெஷினை ஓட்டிக் காட்டி விற்றுவிடலாம், பேட்டரி மெஷினை வாங்குகிறவர் முதலில் கேட்பது ‘பேட்டரி எத்தனை நேரம் நிற்கும்’ என்றுதான்.

வயருக்கு எதிராக எனக்கு ஒரே ஒரு பெரிய குறை உண்டு, அது கரண்ட் கட். ட்ரிகரின் பக்கத்தில் ஒரு லாக் பட்டன் இருக்கும், அழுத்தினால் விரலை எடுத்தாலும் மெஷின் ஓடும். அப்படி ஓடும்போது கரண்ட் போகிறது. மெஷினை மேஜையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்துவிடுகிறோம். கரண்ட் வந்ததும் ஆளில்லாத கொட்டகையில் அது தானாக ஓட ஆரம்பிக்கும். ப்ளோயர் என்றால் உருண்டு விழும். கட்டிங் மெஷின் என்றால் யோசித்துப் பாருங்கள். மறு ஸ்டார்ட்டைத் தடுக்கும் வசதி உள்ள மாடல்கள் இருக்கின்றன, கொஞ்சம் விலை கூட. அது இல்லாதவர்கள் கரண்ட் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். லாக் பட்டனை நான் தொடுவதே இல்லை. பேட்டரி மெஷினில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அதற்கு வேறொன்று உண்டு. அது எப்போதும் உயிரோடு இருக்கும் மெஷின். பிட் மாற்றும்போது, வீல் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றாமல் விட்டால் ட்ரிகரில் கை பட்டாலே போதும்.

ஏணி மேல், மழை நின்ற மாடியில், கார் நிற்கும் தெருவோரத்தில் வேலை என்றால் பேட்டரியே சரி. ஈரத் தரையில் வயரை இழுத்துக்கொண்டு நிற்பதற்கு ஆர்.சி.சி.பி.யைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே நல்ல கம்பெனியில் பேட்டரி டிரில் வைத்திருக்கிறவர்கள் அதே பேட்டரி பொருந்தும் ப்ளோயர் உடம்பை மட்டும் வாங்குவதும் நியாயம்தான். கார்பனே இல்லாத பிரஷ்லெஸ் ப்ளோயர்களை நண்பர் பட்டறையில் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்ததோடு சரி. காற்று நன்றாகவே இருந்தது. நாலு வருஷம் கழித்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை.

எதை வாங்கினாலும் மாறாத சில விஷயங்கள் உண்டு. தின்னர், பெட்ரோல், பெயின்ட் வாசம் இருக்கும் அறையில் ப்ளோயரை ஆன் பண்ணக் கூடாது, கார்பன் பொறி ஒன்றே போதும். கம்ப்யூட்டரை ஊதும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். ப்ளோயரின் உறிஞ்சும் பக்கம் அகலமாக இருக்கும், துப்பட்டா, துண்டு, லுங்கி நுனி, அவிழ்ந்த தலைமுடி எல்லாம் அங்கேதான் போகும். டைல்ஸ், கிரானைட் அறுத்த தூளை ஊதவே ஊதாதீர்கள். அதில் இருக்கும் சிலிக்காவும், மர அறுப்புத் தூளும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் வரவழைப்பவை என்று உறுதிப்படுத்திய பட்டியலில் இருப்பவை. கல் தூளை ஈரத் துணியால் துடையுங்கள். மரத்தூளைப் பெருக்கி அள்ளிவிட்டு மூலை முடுக்கில் மிச்சம் இருப்பதை மட்டும் ஊதலாம், என்95 மாஸ்க்கோடு. கைக்குட்டை கட்டினால் மூக்குக்கு ஒரு மன ஆறுதல், அவ்வளவுதான்.

கட்டிங் மெஷினுக்கு இன்னும் கொஞ்சம். 100 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றி வைப்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். வீலில் அச்சிட்டிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், நடு வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள். இந்த மெஷினில் மரம் அறுக்கும் பல் வீலை மாட்டித் தரச் சொன்னால் சில கடைகளில் தயங்காமல் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பல் மரத்தில் மாட்டினால் மெஷின் கையை மீறித் துள்ளும். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போடுங்கள், பவர் கண்ணாடி போட்டிருந்தாலும் அதற்கு மேலே.

வயர் ப்ளோயர் வாங்க முடிவு பண்ணிவிட்டால், பில் போடுவதற்கு முன் அதே மாடலுக்குக் கார்பன் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒரு ஜோடி வாங்கிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். ‘அதெல்லாம் கிடைக்காதுங்க’ என்று சொன்னால், அடுத்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.